பீப் டெஸ்ட்டில் பாஸான காது

யாராவது ஒருவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்று, “மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் தருகிறோம். பதிலுக்கு உங்கள் கணவரின் செவியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறோம். சம்மதமா?” என்று நேராக விசாரித்திருந்தால், நான் என்ன சொல்லியிருப்பேன்?

அடித்து விரட்டியிருப்பேன் என்று எழுதத்தான் கை வருகிறது. எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. மூன்று மாதங்களாக இந்தக் கேள்வியோடு துணி துவைக்கிறேன், இட்லி ஊற்றுகிறேன், மகளுக்குத் தலை பின்னுகிறேன். பதில் வரவில்லை. கோபம்தான் வருகிறது. முதலில் மற்றவர்கள் மேல், கடைசியில் என் மேல்.

அப்படி யாரும் வந்து நிற்கவில்லை என்பதுதான் விஷயம். எங்களிடம் வைக்கப்பட்ட கேள்வி வேறு. அதற்கு நான் மேடை ஏறி, மைக்கில் பதில் சொல்லி, கைத்தட்டல் வாங்கி, ஐந்து லிட்டர் குக்கர் ஒன்றையும் பரிசாக வாங்கி வந்தேன்.

என் கணவர் ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். இருவருமே தெற்கிலிருந்து வந்தவர்கள். அவருக்கு விருதுநகர்ப் பக்கம், எனக்கு அதற்கும் கொஞ்சம் தெற்கே. ஒவ்வொரு மார்ச்சிலும் அவருடைய கம்பெனியில் பாதுகாப்பு வாரம் நடக்கும். கடைசி நாள் குடும்பத்தோடு வரச் சொல்வார்கள். கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில் சாமியானா போட்டு, கேசரியும் மிக்சரும் கொடுத்து, குழந்தைகளுக்கு ஹெல்மெட் படம் வரையும் போட்டி வைப்பார்கள். போன வருடம் புதுமையாக ஒன்று செய்தார்கள். சேஃப்டி ஆபீசர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, தொழிலாளிகளின் மனைவிமார் நான்கு பேரை மேடைக்கு அழைத்தார். நானும் அதில் ஒருத்தி.

“ஒரு கோடி ரூபா தர்றேன்மா. ரொக்கமா. உங்க வீட்டுக்காரர் கண்ணு ஒண்ண மட்டும் குடுப்பீங்களா?” என்றார் முதல் பெண்ணிடம்.

“ஐயோ, மாட்டேன் சார்” என்று அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்தவரிடம் கையைக் கேட்டார். இரண்டு கோடி. அந்த அக்கா தேன்கனிக்கோட்டைக்காரர், பயமே இல்லாதவர். “எந்தக் கை சார்? வேல செய்யற கையா, கிளாஸ் புடிக்கிற கையா?” என்றார். சாமியானாவே ஆடியது. அவருடைய கணவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று எல்லோரும் திரும்பித் தேடினார்கள்.

என் முறை வந்தபோது, “சுண்டு விரல் மட்டும்தாம்மா. அஞ்சு கோடி” என்றார்.

நான் யோசிக்கக்கூட இல்லை. “அந்தச் சுண்டு விரலப் புடிச்சுத்தான் சார் எம் பொண்ணு நடக்கப் பழகுனா. அத எப்படி விக்கிறது?” என்றேன்.

அவ்வளவு கைத்தட்டல் என் வாழ்க்கையில் வாங்கியதில்லை. “இதுதான் பதில்! உடம்புக்கு விலையே கிடையாது!” என்று அவர் கத்தினார். குக்கரைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுத்தார்கள். வீடியோ கம்பெனி வாட்ஸாப் குழுவில் ஓடியது. ஊரிலிருந்து என் அம்மா போன் செய்து, “நல்லாப் பேசுன தாயி” என்று நெகிழ்ந்தார். நானும் ஒரு வாரம் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது. ஒரு சுண்டு விரலுக்கு ஐந்து கோடி கொடுக்க இந்த உலகத்தில் எவன் இருக்கிறான்? வரவே போகாத பணத்தை வேண்டாம் என்று சொல்வதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும்? கேசரி தின்றுகொண்டு யாரும் சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொன்ன பிறகு ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. நாம் விற்காதவர்கள், நம்மிடம் விலை பேச முடியாது என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதியோடு நான் குக்கரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, நிஜமான வியாபாரம் தொடங்கி மூன்று வருடத்துக்கு மேல் ஓடிவிட்டிருந்தது.

கல்யாணமான புதிதில் அவர் அசெம்பிளி பிரிவில் இருந்தார். நான் உண்டாகியிருந்த சமயம் பிரஸ் ஷாப்பில் ஆள் தேவைப்பட்டது. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து வடிவம் எடுக்கும் இடம் அது. விருப்பப்பட்டவர்கள் பெயர் கொடுக்கலாம், மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு அலவன்ஸ் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தார்கள். அவர் வந்து, “போகட்டுமா?” என்றார்.

“கைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?” என்றேன்.

“அதெல்லாம் அந்தக் காலம். இப்ப ரெண்டு கையாலயும் பட்டன அமுக்குனாத்தான் பிரஸ்ஸே எறங்கும். குறுக்க ஏதும் வந்தா சென்சார் நிப்பாட்டிரும்.”

“அப்ப போங்க” என்றேன்.

அந்த உரையாடல் அவ்வளவுதான். நான் கணிதம் படித்தவள். பி.எஸ்.சி.யில் முதல் வகுப்பு. கைக்கு ஆபத்தா என்று ஒரு கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு விடையை எழுதிவிட்டேன். ரத்தம் வந்தால்தான் காயம் என்று நினைக்கிற புத்தி எனக்கு. மேடையிலும் கண், கை, விரல் என்றுதான் கேட்டார்கள். காதைப் பற்றி அங்கேயும் பேச்சில்லை.

பிரஸ் ஷாப்புக்குப் போன முதல் மாதத்தில் வீட்டுக்கு வந்ததும் சத்தமாகப் பேசுவார். “கொய்ங்னு இருக்கு” என்பார். ஞாயிற்றுக்கிழமை சரியாகிவிடும். பிறகு ஞாயிற்றுக்கிழமையும் சரியாகவில்லை. பிறகு அவர் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டார். நானும் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

காதில் வைக்க இயர் பிளக் தருகிறார்கள். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே யாரும் இரண்டு காதிலும் வைப்பதில்லை. பிரஸ் இறங்கும் சத்தத்தை வைத்தே அச்சு தளர்ந்திருக்கிறதா, தகடு கோணலாகப் போகிறதா என்று கண்டுபிடிக்கிறார்கள். சத்தம் மாறியதைக் கவனிக்காமல் நூறு தகடு வீணானால் அந்த மாத இன்சென்டிவ் போச்சு. அதனால் இடது காதில் பிளக், வலது காது வேலைக்கு. அப்படித்தான் அங்கே வழக்கம். வலது காதை அவர்கள் ஒரு கருவி மாதிரி கம்பெனிக்குக் கொண்டுபோகிறார்கள். ஸ்பேனர் தேய்ந்தாலாவது ஸ்டோரில் வேறு தருவார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ஜூன் மாதம் கம்பெனியில் காதைச் சோதிப்பார்கள். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார்ந்து ஹெட்போன் மாட்டிக்கொள்ள வேண்டும். சத்தம் வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். இவர்கள் அதற்கு வைத்த பெயர் பீப் டெஸ்ட். அதில் “ஃபெயில்” ஆனால் பிரஸ் ஷாப்பை விட்டுப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள், அலவன்ஸ் போய்விடும். ஆகவே லைனில் இருக்கிற அத்தனை பேரும் பாஸாகிற வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். சோதிக்கிற பெண் மெஷினில் கட்டைவிரலை அழுத்துவது கண்ணாடியில் நிழலாடும். விரல் அசைந்தால் பட்டனை அழுத்து. அவ்வளவுதான். வரிசையில் முன்னால் போனவன் வெளியே வந்து பின்னால் நிற்பவனுக்குச் சொல்வான்: “இந்த வருசம் மோதிரம் போட்ட பொண்ணு. நல்லாத் தெரியுது.”

இதை என் கணவர் போன ஜூனில் ஒரு பெரிய வேடிக்கையாக என்னிடம் சொன்னார். நான் சிரித்தேன். அதை மறைக்க மாட்டேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் அவருடைய படிவத்தையும் நிரப்பினேன். அந்தச் சோதனைக்கு முன்னால் ஒரு உடல்நலப் படிவம் தருவார்கள். முழுக்க ஆங்கிலம். கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நான்தான் எழுதுவேன். ‘கேட்பதில் ஏதேனும் சிரமம் உண்டா? காதில் இரைச்சல் உண்டா?’ என்று இருந்தது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். இரண்டு கேள்விக்கும் ‘இல்லை’யில் டிக் போட்டேன். ஒருமுறை கூட நிமிர்ந்து அவரிடம் விசாரிக்கவில்லை. பாஸாக வேண்டுமே என்ற கவலை எனக்கு. படிக்கிற காலத்தில் எந்தத் தேர்விலும் தவறாதவள், டாக்டருடைய சோதனையையும் தேர்வு என்றே நினைத்துவிட்டேன்.

பொங்கல் முடிந்து ஒரு நாள், பருப்பைப் பரிசுக் குக்கரில் வைத்துவிட்டு, “மூணு விசில் வந்ததும் அமத்திருங்க” என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். ஆறாவது விசில் மாடிக்குக் கேட்டது. ஓடி வந்தால் தீய்ந்த வாடை. அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். “ஒண்ணுதான வந்துச்சு?” என்றார். வீட்டு வேலை என்றால் ஆண்களுக்குக் காது அடைத்துக்கொள்ளும் என்று திட்டினேன். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். நான் திட்டியதில் பாதி அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே இப்போது சந்தேகம்.

அதற்குப் பின்தான் மகளுடைய பள்ளியிலிருந்து அழைத்தார்கள். அவளுக்கு நான்கு வயது ஆகப்போகிறது. பக்கத்துத் தெருவில் ஒரு ப்ளேஸ்கூலில் விடுகிறோம். அங்கே இருக்கிற மிஸ் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பாப்பா ரொம்பக் கத்திப் பேசுது. கோவத்துல இல்ல. சும்மா தண்ணி கேக்கறதுக்கே கத்துது. நம்மகிட்ட தமிழ்ல, ஆயாகிட்ட கன்னடத்துல, ரெண்டுலயும் கத்தல்தான். ஒரு தடவ காது காட்டிடுங்களேன்.”

வீட்டுக்காரம்மாவிடம் சொன்னேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் அவர். “நான் சொல்லணும்னு இருந்தேன்மா. நம்ம பாப்பா தெலுங்குலயும் அப்டித்தான் கத்துது” என்றார். அன்றிலிருந்து நான் மகள் பின்னால் நின்று கைதட்டிப் பார்ப்பதும், காகிதத்தைக் கசக்கிப் பார்ப்பதும், போனில் தேடித் தேடிப் பயப்படுவதுமாக இருந்தேன். கர்ப்பத்தில் என்ன மாத்திரை சாப்பிட்டேன் என்று பழைய சீட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காது சோதிக்கும் ஒரு சின்ன கிளினிக் இருக்கிறது. மூன்று பேரும் போனோம். அங்கே இருந்த பெண்ணுக்கு என்னைவிட வயது குறைவு. குழந்தைகளுக்கு அவர் ஹெட்போன் மாட்டவில்லை. அறையிலேயே ஒரு ஸ்பீக்கர். மகள் கையில் மரக்கட்டைகளைக் கொடுத்து, “பாப்பா, குருவி கத்தற மாதிரி ஒரு சத்தம் வரும். வந்தா இந்த டப்பால ஒரு கட்டை போடணும். சரியா?” என்றார். மகள் என் மடியில் உட்கார்ந்துகொண்டு ஒன்று விடாமல் போட்டாள். எனக்கே வந்ததா இல்லையா என்று தெரியாத மெல்லிய சத்தத்துக்கும் டப்பென்று போட்டாள்.

“சூப்பரா கேக்குதும்மா. இவங்களுக்கு ஒண்ணுமே இல்ல” என்றார் அந்தப் பெண்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிளம்ப எழுந்தோம். ஆனால் மகளுக்கு விளையாட்டு முடியவில்லை. “அப்பாவும் வெளாடணும்!” என்று அடம்பிடித்தாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டு, “வாங்க சார், நீங்களும் ஒரு ரவுண்டு” என்றார். அவர் வெட்கத்தோடு குட்டி நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் கட்டைகளை வைத்துக்கொண்டார்.

முதல் இரண்டு கட்டை போட்டார். பிறகு நிறுத்திவிட்டார். சத்தம் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தெளிவாக வந்தது. அவர் கட்டையைப் பிடித்தபடி காத்திருந்தார். மெல்லத் தலையைத் திருப்பி அந்தப் பெண்ணின் கையைத் தேடினார். அந்தப் பெண் மெஷினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். அங்கே கண்ணாடி எதுவும் இல்லை.

“அப்பா, போடு! வருதுல்ல!” என்று மகள் கத்தினாள். அவர் சிரித்தார், போடவில்லை. அவள் பொறுமை இழந்து, அவர் மடியிலிருந்து ஒரு கட்டையை எடுத்து அவளே போட்டாள். அடுத்த சத்தத்துக்கு இன்னொன்று. அதற்கடுத்ததற்கு இன்னொன்று. அவர் கையில் இருந்த கட்டை மட்டும் அப்படியே இருந்தது.

அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. “என்ன வேலை சார் பாக்கறீங்க?” என்றார்.

பிறகு ஹெட்போன் மாட்டி முறையாகச் சோதித்தார். ஒரு கோட்டுப் படத்தைக் கொடுத்தார். இடது காதின் கோடும் கடைசியில் நன்றாகவே சரிந்திருந்தது. வலது காதின் கோடு பாதி வரை நேராக வந்து, அங்கிருந்து கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. தடித்த குரல்கள், வண்டிச் சத்தம் எல்லாம் வரும். கீச்சுக் குரல்கள் வராது, குழந்தைகள் பேசுவது அதில்தான் வருகிறது என்றார். போனது திரும்பாது. அந்தச் சத்தத்திலிருந்து இப்போதே வெளியே வந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம்.

“கம்பெனியில வருஷா வருஷம் பாக்கறாங்கல்ல, அதுல என்ன வந்துச்சு?” என்றார்.

“நார்மல்” என்றார் என் கணவர், தலையைக் குனிந்துகொண்டு.

குழந்தை ஏன் கத்துகிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவளுக்குக் குறை எதுவும் இல்லை. இரண்டு வயதிலிருந்தே கத்தினால்தான் அப்பா திரும்புகிறார் என்று கற்றுக்கொண்டிருக்கிறாள். பேசுவது என்றாலே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன், “உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“கொஞ்சம் தெரியும்” என்றார். பிறகு, “நீ பேசுறது வருது. அவ பேசுறதுதான்... வாயப் பாத்துச் சமாளிச்சுக்குவேன். மாஸ்க் போட்டிருந்த காலத்துலதான் கஷ்டமாப் போச்சு” என்றார்.

மகளை எப்போதும் இடது தோளில் மட்டும் தூக்குவாரே, வலது கைக்காரர் என்பதால் என்று நினைத்திருந்தேனே!

இதற்கு மேல் என்ன யோசனை வேண்டும், பேக்கிங்குக்குப் போய்விட வேண்டியதுதானே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள், வருகிற ஜூனில் மகளை எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. அலவன்ஸ் போனால் இந்த வாடகைக்கும் இந்தப் பள்ளிக்கும் ஒன்றாகக் கட்ட முடியாது. நான் வேலைக்குப் போகலாம் என்று, போச்சம்பள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் பெண்களை எடுப்பதாகச் சொன்ன ஒரு ஏஜென்டிடம் போனேன். என் சான்றிதழை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. “கல்யாணம் ஆயிடுச்சா? கொழந்த? ஹாஸ்டல்ல தங்க முடியாதில்ல?” என்று மூன்றே கேள்வி. என் பி.எஸ்.சி. கவரோடு திரும்பி வந்தது.

மே மாதம் அவருடைய லைனில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆந்திர எல்லையை ஒட்டிய வேப்பனப்பள்ளிக்காரர். தோட்டத்து மாம்பழம் ஒரு பை கொண்டுவந்திருந்தார். தெருமுனையில் வரும்போதே அவர் குரல் வந்துவிடும்.

“தங்கச்சி, பழம் ரெண்டு நாள் ஆவட்டும், அப்பறம் அறு!” என்றார். பிறகு உட்கார்ந்து, “நம்மாளு காதப் பத்திச் சொன்னான். இதெல்லாம் ஒரு விசயமா? எங்க ஊட்டுல டிவி போட்டா ஆந்திராக்காரன் கதவச் சாத்திக்கிறான்!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அண்ணா, இந்த வருசம் உண்மையச் சொல்லிரலாம்னு இருக்கோம்” என்றேன்.

அவர் சிரிப்பு இறங்கியது. “சொல்லும்மா. தாராளமாச் சொல்லு. ஆனா ஒண்ணு. போன வருசம் நார்மலா இருந்தவன் இந்த வருசம் படுத்துட்டான்னா, எப்டிடான்னு கேப்பாங்க. கண்ணாடிக்குத் திரை போடுவாங்க. செவுத்தப் பாத்து உக்கார வெப்பாங்க. லைனுல பதினோரு பேரு. ஒருத்தனும் தேறமாட்டான். என் பொண்ணு நர்சிங் ரெண்டாவது வருசம். இன்னும் ரெண்டு வருசம் ஓட்டணும். அதான் யோசன.” பையை மடித்துக்கொண்டே, “நாங்க யாரும் ஏமாந்து போவலம்மா. தெரிஞ்சேதான் போறோம்” என்றார்.

தெரிந்தே போகிறார்கள் என்றால் அது வியாபாரம்தானே, யாரையும் குறை சொல்ல முடியாதே என்று மறுபடி குழம்பினேன். ஆனால் வியாபாரம் என்றால் இரண்டு பக்கமும் என்ன கொடுக்கிறோம் என்று வெளிப்படையாக இருக்க வேண்டாமா? கம்பெனி ஃபைலில் பதினோரு பேருக்கும் காது நார்மல். எதையும் இழக்கவில்லை, எதையும் எடுக்கவில்லை. ஒருவர் அந்த அறைக் கண்ணாடியில் ஒரு துணியைத் தொங்கவிட்டிருந்தால் சில வருடங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். அந்தத் துணி விலை உயர்ந்ததா? சோதிக்கிறவர்களுக்குத் தெரியாமலா இத்தனை வருடம் எல்லோரும் பாஸாகிறார்கள்?

போன வாரம் உழவர் சந்தையில் அந்த சேஃப்டி ஆபீசரைப் பார்த்தேன். கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு விலை பேசிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். “சுண்டு விரல் மேடம்தானே! அந்த வீடியோவத்தான் இப்பவும் புதுசா சேர்ற பசங்களுக்குப் போட்டுக் காட்டறோம்” என்றார்.

“சார், சும்மா ஒரு கேள்வி. பிரஸ் ஷாப்புல ஒருத்தருக்குக் காது சரியாக் கேக்கலன்னு வைங்க. என்ன செய்வீங்க?”

“உடனே சேஃப் ஏரியாவுக்கு மாத்திருவோம்மா. பேக்கிங், ஸ்டோர் அந்த மாதிரி.”

“அலவன்ஸ்?”

“அது அந்த ஏரியாவுக்கான அலவன்ஸ். ஆள் மாறினா அது எப்படிக் கூட வரும்?”

“போன காதுக்கு?”

அவர் கொத்தமல்லியைப் பைக்குள் வைத்தார். “அது கம்பெனியிலதான் போச்சுன்னு பேப்பர்ல இருக்கணும்லம்மா. ரெக்கார்ட் என்ன சொல்லுதோ அதான்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “சும்மாதான கேக்கறீங்க?” என்றார்.

“சும்மாதான் சார். நீங்க மேடையில கேட்டீங்கல்ல, அது மாதிரி.”

அவர் முகம் சுருங்கியது. “நானும் சம்பளத்துக்கு இருக்கறவன்தாம்மா” என்று சொல்லிவிட்டுத் தக்காளிப் பக்கம் போய்விட்டார். நான் வாங்க வந்ததை வாங்காமல் திரும்பினேன். ஐந்து கோடி தருகிறேன் என்று மைக்கில் கத்திய வாய், ஆறாயிரத்து ஐந்நூறு என்று வந்ததும் பேப்பரைத் தேடுகிறது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவரிடம் பேசியிருக்க வேண்டியதைப் பேசிக்கொண்டே வந்தேன். அதே சமயம், வாயை விட்டு அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டேனோ, அந்த அண்ணனுடைய மகளின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டேனோ என்றும் பயந்துகொண்டே வந்தேன்.

இந்த வருடப் படிவம் வந்துவிட்டது. திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அதே ஆங்கிலம், அதே இரண்டு கேள்வி, அதே கட்டங்கள். பிரிட்ஜ் மேல் காந்தத்தில் மாட்டியிருக்கிறது.

“ஃபார்ம நீதான எழுதுவ. நீ எதுல டிக் போடுறியோ அதுல நான் கையெழுத்துப் போடுறேன்” என்கிறார் அவர். என் மேல் வைத்த மரியாதையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “காது உங்களுதுங்க!” என்று கத்தினேன். பிறகு எதிரே நின்று வாயைப் பார்க்கும்படி அதையே மறுபடி மெதுவாகச் சொன்னேன். அவர் சொன்னார்: “ரெண்டே வருசம். இடது காது இருக்குல்ல. மூணு பேரு இருக்கிற வீட்டுல எவ்வளவு கேக்கணும்?”

எவ்வளவு கேட்க வேண்டும் என்று நேற்றுச் சாயங்காலம் பார்த்தேன். மகள் ப்ளேஸ்கூலில் ஏதோ ஒரு ரகசியம் கொண்டுவந்திருந்தாள். எனக்குச் சொல்ல மாட்டாளாம், அப்பாவுக்குத்தானாம். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓடிப்போய், வலது பக்கமாகத் தொற்றிக்கொண்டு, கையைக் குவித்து, காதுக்குள் நீளமாக என்னவோ சொன்னாள். ரகசியம் என்பதால் கத்தவில்லை. அவர் அவள் முகத்தைப் பார்க்க முடியாத கோணம். “அப்படியா! சூப்பர்!” என்று சிரித்தார். அவள் இறங்கி என்னிடம் வந்து, “அம்மா, அது சூப்பர் இல்ல. அழுவுற விசயம்” என்றாள். பிறகு எனக்கும் சொல்லவில்லை. எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை.

‘ஆம்’ என்று டிக் போட்டால் போன வருடம் நான் போட்ட ‘இல்லை’ பொய்யாகிறது. அதை வைத்தே மறைத்ததாகச் சொல்லி வெளியே அனுப்புவார்களா என்று தெரியவில்லை. பத்துக் குடும்பங்களின் சோற்றில் கை வைத்தவள் ஆவேன். பள்ளியை மாற்ற வேண்டும், வீட்டை மாற்ற வேண்டும். ‘இல்லை’ என்று போட்டால் எதுவும் மாறாது. இடது காதின் கோடு மட்டும் இன்னும் கொஞ்சம் இறங்கும், நான் போட்ட டிக்கினால்.

மேடையில் ஒரு நொடியில் பதில் சொன்னவள் நான். இப்போது பேனாவை எடுத்துக்கொண்டு நிற்கிறேன், கை ஓடவில்லை. இதைப் படிக்கிறவர்களில் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவர்கள் இருப்பீர்கள், அவர்களின் மனைவிமார் இருப்பீர்கள், சட்டம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். பழைய ‘நார்மல்’களை மீறி, கிளினிக்கில் கொடுத்த அந்தக் கோட்டுப் படத்தை வைத்து எங்கே போய் நிற்கலாம்? ஒருவரை மட்டும் பிடிக்காமல் லைன் முழுவதையும் ஒன்றாகச் சோதிக்கச் செய்ய வழி உண்டா? உங்கள் வீட்டில் இப்படி ஒரு படிவம் வந்ததுண்டா? வந்தபோது எந்தக் கட்டத்தில் டிக் போட்டீர்கள், அதற்குப் பிறகு என்ன ஆனது? தயவுசெய்து எழுதுங்கள். உடம்புக்கு விலை கிடையாது என்று மட்டும் எழுதாதீர்கள். அதைச் சொல்லித்தான் நான் குக்கர் வாங்கினேன்.